நடுவுக்கு வராத ரேட்டு

1

போன வியாழக்கிழமை எங்கள் ஆபீசில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ஒரு தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆனதற்காகக் கேக். அதன் மேல் நீல க்ரீமில் ஓர் எண்ணை எழுதியிருந்தார்கள். சைபர், புள்ளி, மறுபடி சைபர்கள், கடைசியில் இலக்கங்கள். டாலரில் சொன்னால் ஒரு சென்ட்டின் சின்னத் துணுக்கு. என் மேலாளர் முதல் துண்டை என்னிடம் நீட்டி, “இது உன் எண், நீதான் முதலில் சாப்பிட வேண்டும்” என்றார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று பொய் சொல்லித் தப்பித்தேன். சாயங்காலம் பார்த்தால், சர்க்கரைக்காரர்கள் என்ன சாப்பிடலாம் என்று மூன்று பக்கம் அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த எண் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில் இன்டர்நெட் வழியாக யார் வேண்டுமானாலும் ரேடியோ நடத்தலாம். ஆனால் ஒரு பாட்டைப் போட்டால், அந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை தடவைக்கும் அதை வெளியிட்ட கம்பெனிக்கும் பாடியவர்களுக்கும் காசு கட்ட வேண்டும். எவ்வளவு என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து ரேட்டு நிர்ணயிப்பார்கள். கேக் மேல் இருந்தது அந்த ரேட்டுதான். பாவம், நீதிபதிக்குப் பாட்டின் விலை எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு பொருளாதாரப் பேராசிரியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும். பேராசிரியர் கோட்டு போட்டுக்கொண்டு பேசுவார். அவர் பேசுகிற அட்டவணைகளைப் பின்னால் உட்கார்ந்து தயாரிக்கிற ஆட்களில் நான் ஒருத்தி. பாட்டுக் கம்பெனிகளின் பக்கம்.

இதை அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல முயன்று களைத்துப் போய், “கோர்ட்டுக்குக் கணக்கு எழுதித் தர்றேம்மா” என்று முடித்துக்கொண்டேன். திருப்பூர் மங்கலம் ரோட்டில் எங்கள் வீதி முழுக்க நான் அமெரிக்காவில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருக்கிறேன் என்றுதான் இன்றைக்கும் பேச்சு. இதற்கா பி.எச்டி. என்று என் சித்தி கேட்டாளாம்.

2

அப்பாவுக்கு மட்டும் ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

அவர் முப்பது வருடம் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைத்தவர். பீஸ் ரேட்டு, அதாவது எத்தனை உருப்படி தைத்தாரோ அத்தனைக்குக் கூலி. பிறகு சங்கத்தில் நுழைந்து, கூலி ஒப்பந்தம் முடிந்து புது ஒப்பந்தம் போடும்போதெல்லாம் முதலாளிகள் எதிரில் உட்கார்ந்து பேசும் குழுவில் இருந்தார். ஃபோன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டு நான் என் வேலையைச் சொன்ன அன்றைக்கு, அவர் முதலில் கேட்டது இதுதான்.

“பாட்டுப் போடறதுக்குக் காசுங்களா? எங்க கம்பெனில காலைலருந்து பொழுதோட ஸ்பீக்கர் கத்தீட்டே இருக்கும். ஒருத்தரும் வந்து கேக்கலையே.”

“பாடுனவங்களுக்குப் போகோணுமில்லீங்கப்பா.”

“அதுஞ் செரிதான். பாடறவனுக்கும் பீஸ் ரேட்டு. நாயந்தான், குடுத்தாகோணும்.”

அந்த விஷயத்தில் எனக்கு இன்றும் அதே கருத்துதான். உழைத்தவருக்குக் கூலி வேண்டும். அதனால்தான் இந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு உறுத்தல் எதுவும் இருக்கவில்லை.

அப்பாவின் பேச்சுவார்த்தைகள் எப்படி நடக்கும் என்பதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் சங்கம் வாய்கூசாமல் ஒரு தொகை கேட்கும். முதலாளிகள் வாய்கூசாமல் ஒரு தொகை சொல்வார்கள். இரண்டும் பொய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். டீ வரும், போண்டா வரும், ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போவார், அவரை இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்து வருவார். நாலைந்து தடவை இப்படிக் கூடிய பிறகு எல்லோரும் மனதுக்குள் முதலிலேயே நினைத்திருந்த நடு இடத்தில் வந்து கையெழுத்துப் போடுவார்கள். “எச்சாக் கேட்டாத்தான் பாதியாச்சும் வரும். கேக்கறப்பவே நாயமாக் கேக்கறவன் ஏமாந்தவன்” என்பார் அப்பா. எங்கள் ஊரில் துணி விலை, வாடகை, ஏன், கல்யாணச் சீர்கூட இப்படித்தான் பேசி முடிப்பது. எனக்கு இதில் தப்பாக ஒன்றும் தோன்றியதில்லை. தாய்ப்பாலோடு குடித்த பழக்கம்.

3

அட்டவணைக்கு வருகிறேன். சட்டம் எங்களிடம் கேட்கிற கேள்வி வேடிக்கையானது. விற்க விருப்பமுள்ள ஒருவரும் வாங்க விருப்பமுள்ள ஒருவரும் யார் கட்டாயமும் இல்லாமல் ஒரு சந்தையில் சந்தித்திருந்தால் என்ன விலைக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள்? அப்படியொரு சந்தை கிடையாது. இருந்திருந்தால் கோர்ட்டுக்கு ஏன் வருகிறார்கள்? ஆகவே இல்லாத சந்தையை, பக்கத்தில் இருக்கிற வேறொரு சந்தையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பக்கத்துச் சந்தை ஒன்று இருந்தது. கேட்பவர் தனக்குப் பிடித்த பாட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் கேட்கிற சேவைகள். அவை பாட்டுக் கம்பெனிகளோடு நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போட்டிருந்தன. அந்த ஒப்பந்தங்களெல்லாம் எங்கள் கையில். ஆனால் ரேடியோவில் நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அவர்கள் போடுவதைத்தான் கேட்க வேண்டும். அப்படியானால் ‘தேர்ந்தெடுக்கும் வசதி’க்கு எவ்வளவோ அதைக் கழித்துவிட்டால் மிச்சம் ரேடியோவின் விலை.

மீட்டிங்கில் இதைப் பேராசிரியர் அரை மணி நேரம் விளக்கினார். எனக்கு முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிட்டது. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் பேசுகிற எந்த மெர்ச்சன்டைசரும் தினமும் செய்கிற காஸ்டிங், அதாவது விலைக்கணக்கு, இது. காலர் வைத்த டி-சர்ட்டின் விலை தெரியும். காலர் இல்லாததற்கு ரேட்டு கேட்கிறான் வெளிநாட்டுக்காரன். காலரைக் கழி, பட்டனைக் கழி, கூலியைக் கழி, சொல்லு. அவ்வளவுதானே! படிக்கிற காலத்தில் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் லீவுக்கு லீவு இந்த வேலை பார்த்தவள் நான்.

காலரின் விலை என்ன என்பதில்தான் எல்லாமே இருந்தது. அதிகமாக வைத்தால் ரேடியோ ரேட்டு இறங்கும், குறைவாக வைத்தால் ஏறும். புள்ளிவிவரங்கள் ஒரே பதிலைத் தரவில்லை. இங்கிருந்து அங்கு வரை என்று ஓர் அகலத்தைக் காட்டின. அந்த அகலத்துக்குள் எதை எடுத்தாலும் பொய் இல்லை. நான் காலரை மலிவாக வைத்தேன். எதிர்த்தரப்புப் பேராசிரியர் ரேடியோவின் வருமானத்தில் ஏதோ ஒரு சின்னப் பங்கு போதும் என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார், நாம் உச்சியில் நின்றால்தான் நடுவில் வந்து முடியும். மேலாளரிடம் இப்படிச் சொல்லவில்லை. அவரிடம் காரணங்களோடு பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு “அருமை” என்றார்.

4

இனி சரசக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சரசக்காவுக்கு அவிநாசி. கணவரோடு இந்த ஊருக்கு வந்து இருபது வருடமாகிறது, ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கிறார். வீட்டின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துத் தமிழ் ரேடியோ நடத்தினார். அதற்கு ஏதோ ஒரு நல்ல பெயர் இருந்தது. நாங்கள் எல்லோரும் சரசக்கா ரேடியோ என்போம். காலையில் ஒரு மணி நேரம், வார இறுதியில் மூன்று மணி நேரம். பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, வாடகைக்கு அறை இருக்கிறது என்ற அறிவிப்பு. விளம்பரமாக ஒரு மளிகைக் கடைக்காரர் மட்டும் மாதம் ஏதோ கொடுத்தார், அதையும் பாதி நாள் புளியாகவும் பருப்பாகவும் கொடுப்பார்.

அங்கே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழந்தைகள் நேரம். என் மகள் மதுவை வம்படியாக இழுத்துப் போய் உட்கார வைத்தேன். பதினொரு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், மைக் முன்னால் மட்டும் தமிழ் பேசுவாள். சரசக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார். இவள் அதைக் கண்ணால் துழாவித் துழாவி வாசிப்பாள். “எனக்கு வயசு பத்து ஒண்ணு” என்றாள் முதல் நாள். சரசக்கா சிரிப்பை அடக்க மைக்கை மூடிக்கொண்டார்.

இங்கே காலை ஒன்பது என்றால் திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம், சம்பள நாள், ஊரே தெருவில் நிற்கும் நேரம். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவார். சென்டர்காரர் ரேடியோவைப் போட்டு அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிடுவார். கரண்டு இருந்தால் கேட்பார், போய்விட்டால் வரும்வரை அந்தச் சின்னக் கேபினில் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஏன், ஃபோனில் பேசினால் ஆகாதா என்று கேட்கலாம். ஃபோனைக் கொடுத்தால் மது, “ஹாய் அப்புச்சி, ஐயாம் ஃபைன்” என்று சொல்லிவிட்டு என் கையில் திணித்துவிட்டு ஓடுவாள். அப்பா அந்தப் பக்கம் கத்துவார், எதிரொலி வரும், அவள் பயப்படுவாள். “ஃபோன்ல பேசறப்ப யாரு ஊட்டுப் புள்ளையோன்னு இருக்குது கண்ணு. அந்த ரேடியோல பேசறப்பத்தான் என்ற பேத்தி மாதிரி இருக்குது” என்று ஒருநாள் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “பத்து ஒண்ணு” என்பதை அவர் டீக்கடை முழுக்கச் சொல்லி, அங்கே ஒருத்தர் தன் பேரனின் வயதையும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

5

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் சரசக்கா எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபாரத்தோடு வந்தார். சின்னச் சின்ன ரேடியோக்காரர்கள் சிலர் சேர்ந்து, தங்களைப் போன்ற ஆட்களிடம் வாக்குமூலம் வாங்கி நீதிபதிகள் முன் வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள், என்ன வருமானம், யாருக்காக நடத்துகிறீர்கள், நான்கு பக்கம்.

ஏற்கெனவே அவருக்கு ஃபாரம் என்றாலே அலர்ஜி. மாதாமாதம் போட்ட பாட்டுகளின் பட்டியலை அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பாட்டு, பாடியவர், வெளியிட்ட கம்பெனி என்று பத்திகள். அவரிடம் இருந்ததோ திருப்பூரில் ஒரு சிடி கடையில் எழுதி வாங்கிய வட்டுகள். மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘சோகம் 3’, ‘டூயட்’, ‘சாமி’ என்று மட்டும் இருக்கும். கம்பெனி பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்’ என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்து, பழைய பஸ் ஸ்டாண்டு என்ற அந்த நிறுவனத்தின் பதிவு முகவரியைத் தெரிவிக்கவும் என்று கடிதம் வந்தது.

“இத எழுதிக் குடுக்கோணுங்களா அம்மிணி? நீங்க கோர்ட்டு வெவகாரந் தெரிஞ்சவிங்க. அவிய ரேட்ட ஏத்தீட்டா நானு மூடீட்டுப் போக வேண்டியதுதானுங்க” என்றார் சரசக்கா.

நான் அவருக்கு எதிர்த்தரப்பில் வேலை செய்கிறவள். வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். “அக்கா, இதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், ஒரு வக்கீலிடம் போங்கள்” என்று சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பேன். சொல்லவில்லை. என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

“விடுங்கக்கா. இவங்க எச்சாத்தான் கேப்பாங்க, அவங்க கம்மியாத்தான் சொல்லுவாங்க. கடைசில நடுவுல வந்து நிக்கும். நம்ம ஊர்ல கூலி பேசறதில்லீங்களா, அந்த மாதிரி” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. அவருடைய அண்ணன்கூட அவிநாசியில் நிட்டிங் கம்பெனி நடத்துகிறவர்தான். “அதானே, எல்லா ஊர்லயும் பேச்சு ஒண்ணுதானுங்க” என்று ஃபாரத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் காபி குடித்தோம்.

6

தீர்ப்பு வந்தது. நடுவில் வந்து நிற்கவில்லை.

எங்கள் ஊரில் ரேட்டு நடுவுக்கு வருவதற்குக் காரணம் மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும் என்பது. தைக்கிறவன் இல்லாமல் முதலாளி இல்லை, இவனுக்கும் வேறு போக்கிடம் இல்லை. நீதிபதிகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க முடியாது. எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குச் சாட்சியத்தில் காரணம் காட்ட வேண்டும். எதிர்த்தரப்புப் பேராசிரியரின் கணக்குக்கு உண்மையான ஒப்பந்தம் எதுவும் ஆதாரமாக இல்லை என்று அதை அப்படியே தள்ளிவிட்டார்கள். எங்களுடையதற்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இருந்தன, கழித்தலுக்குப் பதினோரு பக்கக் காரணம் இருந்தது. போண்டாவும் டீயும் வந்தபின் பாதியாகக் குறையும் என்று நம்பி நான் வைத்த உச்சி ரேட்டை முழுசாக எடுத்து எழுதிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? புத்தகத்தில் படித்தவள்தான், பரீட்சையில் எழுதியவள்தான். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது படிப்பைவிட மூத்தது. எங்கள் டீம் கைதட்டியது, மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்து தீர்ப்பை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பின் பக்கங்களில் ஓரிடத்தில், மிகச் சிறிய ரேடியோக்களுக்குத் தனி ரேட்டு வைக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் தரப்பிலிருந்து போதிய சாட்சியம் எதுவும் வைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் போன அந்த ஃபாரம்தான் உடனே ஞாபகம் வந்தது. அந்த ஒரு ஃபாரம் தீர்ப்பை மாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மாற்றியிருக்காது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சரசக்கா கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்தார். கேட்பவர்கள் கூடினால் சந்தோஷப்பட்டவர், இப்போது தீபாவளி நிகழ்ச்சிக்கு ஆள் கூடிவிடுமோ என்று பயந்தார். ஒரு சனிக்கிழமை குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட் கொடுத்து, “அவ்வளவுதான் கண்ணுகளா” என்று மைக்கைக் கழற்றினார். பாடியவருக்கும் கம்பெனிக்கும் அவர் இதுவரை கொடுத்துவந்த கொஞ்சமும் அன்றோடு நின்றது. அவ்வளவு எச்சாகக் கேட்டு நாங்கள் அவரிடமிருந்து வாங்கிக் கொடுத்தது சைபர்.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நீங்க என்னங்க பண்ணுவீங்க அம்மிணி, உங்களுக்குத் தெரிஞ்சதச் சொன்னீங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த அட்டவணை என்னுடையது என்று அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மது காரில் ஏறியதும், “ஸோ, சாட்டர்டேஸ் ஐ கேன் கோ டு சாக்கர் நவ்?” என்றாள். போகலாம் என்றேன். இப்போது நன்றாக ஆடுகிறாளாம், கோச் சொன்னார். அவள் தமிழில் கடைசியாக எப்போது ஒரு முழு வாக்கியம் பேசினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

7

ரேடியோ நின்ற விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, ரெண்டு வாரமாப் பாட்டே காணோமே. சென்டர்காரரு நாலு கம்ப்யூட்டர மாத்திப் போட்டுப் பாத்துட்டாரு.”

“ரேடியோவ நிறுத்திட்டாங்கப்பா. ரேட்டு ஏறிப்போச்சு, கட்டுப்படியாகலை.”

“அட, ரேட்டுன்னா எச்சாத்தாங் கேப்பாங்க. உக்காந்து பேசுனா எறங்கி வந்துட்டுப் போறாங்க. அந்தம்மா பேசுலியா?”

“பேசறதுக்கு யாரும் இல்லீங்கப்பா. ஜட்ஜு சொல்லிட்டாங்க, அவ்வளவுதான்.”

“எந்த ஜட்ஜு? உம்பட கணக்க ஒத்துக்கிட்டாங்கன்னு அம்மாகிட்டச் சொன்னியே, அவிங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் மேலாளரிடம் சர்க்கரை என்று அவ்வளவு சுலபமாக வந்த பொய், அன்றைக்கு அப்பாவிடம் வரவில்லை.

“ஆமாங்கப்பா. அவங்கதான்.”

நான் பயந்துகொண்டிருந்தேன். முப்பது வருடம் கூலி பேசியவர், இரண்டும் இரண்டும் நாலு என்று கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவர் குரலில் ஒரே தெம்பு வந்துவிட்டது.

“அப்பறமென்ன சாமி! உம்பட பேச்சக் கேக்கற மனுசங்கதான. நாளைக்கே போயி ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. தெனமும் வேண்டாம், சனிக்கிழமை ஒரு நாளைக்கு விட்டாப் போதும்னு கேளு. இந்த மாதிரி, எங்கப்பா வயசானவரு, பேத்தி பேசறதக் கேக்கறதுக்குன்னு நடந்து வர்றாருன்னு சொல்லு. மனுசங்கன்னா எரக்கமில்லாமப் போயிருமா?”

“சொல்றேனுங்கப்பா” என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் சென்டருக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொன்னாள்.